சென்னையிலிருந்து டொரண்டோ: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

முதன்முறையாகக் கனடாவுக்குப் புறப்படும் எவரும், விசா கைக்கு வந்த மறுநாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சென்னையிலிருந்து டொரண்டோ எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்? பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விடை வரும். ஒருவர் 18 மணி நேரம் என்பார், இன்னொருவர் 23 என்பார், மூன்றாமவர் "ஒன்றரை நாள் ஓடிவிடும்" என்பார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் விமானம் பறக்கும் நேரத்தைச் சொல்கிறார். இரண்டாமவர் இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறார். மூன்றாமவர் தம் வீட்டு வாசலிலிருந்து மகன் வீட்டு வாசல் வரை எண்ணியிருக்கிறார். டிக்கெட் எடுக்கும் முன்பாக இந்த மூன்றையும் தனித்தனியே கணக்கிடத் தெரிந்துகொண்டால், பணமும் அலைச்சலும் ஓரளவு மிச்சமாகும். அதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு சென்னை–டொரண்டோ என்றாலும், இதே முறை வேறு எந்த இரு ஊர்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: தூரத்தை உருண்டையில் அளந்து பாருங்கள்

மேற்படிப்புக்காக டொரண்டோ கிளம்பிய என் தங்கை மகன், கும்பகோணத்தில் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துச் சென்னையிலிருந்து டொரண்டோவுக்குப் பென்சிலால் கோடு கிழித்திருந்தான். கோடு அரபிக்கடலைத் தாண்டி, சஹாரா பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே போய் டொரண்டோவில் முடிந்தது. "மாமா, ஆப்பிரிக்கா மேலேயா போகும்?" என்று கேட்டான். அவனுடைய கேள்வியில் தவறில்லை. தவறு வரைபடத்தில் இருக்கிறது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடபகுதி முழுவதும் பக்கவாட்டில் இழுபட்டுப் போகிறது. அதனால் தாளில் நேராகத் தெரியும் கோடு, தரையில் மிக நீண்ட சுற்றுவழியாக அமைந்துவிடுகிறது. அவன் கிழித்த கோட்டின் வழியே ஒரு விமானம் உண்மையாகவே பறந்தால் ஏறத்தாழ 15,700 கி.மீ. செல்ல வேண்டியிருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் உலக உருண்டை ஒன்றையும் தையல் நூலையும் எடுத்துவரச் சொன்னேன். நூலின் ஒரு முனையைச் சென்னையில் அவன் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையை டொரண்டோவில் வைத்து நான் இழுத்தேன். நூல் தொய்வாக இருந்தவரை அவன் கோட்டைப் போலவே ஐரோப்பாவுக்குக் கீழே கிடந்தது. இறுக்கி இழுக்க இழுக்க அது மெல்ல வடக்கே நழுவி நழுவி, கடைசியில் ஆர்க்டிக் பகுதியில் போய் நின்றது. ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், யூரல் மலைத்தொடரின் தென்பகுதி, ரஷ்யாவின் வடகோடியிலுள்ள வெண்கடல், கிரீன்லாந்து, பிறகு க்யூபெக் மாகாணத்தின் வடபகுதி வழியாக டொரண்டோ. நூலைக் கத்தரித்து அளந்தபோது முப்பத்தோரரை சென்டிமீட்டர் இருந்தது. 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் சுற்றளவு சுமார் 94 செ.மீ.; பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ.; ஆகவே ஒரு சென்டிமீட்டர் என்பது 425 கி.மீ. பெருக்கிப் பார்த்தால் 13,390 கி.மீ. வருகிறது. கணித முறைப்படி கணக்கிட்டாலும் இதே எண்தான் கிடைக்கிறது. பென்சில் கோட்டைவிட இது 2,300 கி.மீ. குறைவு, ஏறக்குறைய சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய், திரும்பும் வழியில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும் தூரம்.

இப்படி இழுத்துப் பிடித்த நூல் காட்டும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையிலும் டொரண்டோ மேற்குத் தீர்க்கரேகை 80 பாகைக்கு அருகிலும் இருப்பதால், இரண்டும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை என்றே சொல்லலாம். அதனால்தான் மேற்கே கிடக்கும் ஊருக்குப் போக, கிளம்பியவுடன் ஏறக்குறைய நேர் வடக்கே முகம் திருப்ப வேண்டியிருக்கிறது.

நூலும் உருண்டையும் இல்லாதவர்கள், கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோல் வசதியைப் பயன்படுத்தலாம். அது பெருவட்டத் தூரத்தையே காட்டும். பெருவட்டத் தூரம் காட்டும் இணையக் கருவிகள் பலவற்றில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கேட்பார்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ.; ஊர்ப் பெயர் மாறிய பிறகும் மெட்ராஸ் என்ற பழைய பெயரின் நிழல் டிக்கெட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டொரண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கு ஒய்.ஒய்.இசட். கிடைக்கும் விடை எந்த அலகில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 13,390 கி.மீ. என்பதே மைலில் 8,320 ஆகவும், விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 7,230 ஆகவும் வரும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மூன்றும் ஒரே தூரம்தான் என்பது தெரியாமல், "அந்தத் தளத்தில் குறைவாகப் போட்டிருக்கிறதே" என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: எந்த ஊர் வழியாகப் போனால் எவ்வளவு கூடுகிறது?

இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே எங்கும் நிற்காமல் செல்லும் விமானச் சேவை இல்லை. விமானங்களின் திறன் அதற்குத் தடையல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை 15,300 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்தை ஒரே மூச்சில் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பறக்கும் சேவை இருக்கத்தான் செய்கிறது. சென்னை–டொரண்டோ வழித்தடத்தில் நாள்தோறும் ஒரு பெரிய விமானம் நிரம்பினால்தான் கட்டுப்படியாகும். அதைவிட இடையில் ஓர் ஊரில் இறக்கி, பல ஊர்ப் பயணிகளை ஒன்று சேர்த்து அனுப்புவது நிறுவனங்களுக்கு எளிது. ஆகவே நாம் ஓர் இடத்திலாவது விமானம் மாற வேண்டும்.

எங்கே மாறுவது என்பதைப் பொறுத்துத் தூரம் பெரிதும் மாறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கிறது. டெல்லி வழியாகச் சென்றால் 1,760 கி.மீ.யும் 11,640 கி.மீ.யும் சேர்ந்து 13,400 கி.மீ.; டெல்லி அந்த நூலின் பக்கத்திலேயே இருப்பதால் கூடுதல் தூரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. பிராங்க்பர்ட் வழியாக 7,590 கி.மீ.யும் 6,340 கி.மீ.யும் சேர்ந்து 13,930 கி.மீ. லண்டன் ஹீத்ரோ வழியாக 8,230 கி.மீ.யும் 5,710 கி.மீ.யும் சேர்ந்து 13,940 கி.மீ. துபாய் வழியாக 2,930 கி.மீ.யும் 11,080 கி.மீ.யும் சேர்ந்து 14,010 கி.மீ. அதாவது பிராங்க்பர்ட், லண்டன், துபாய் என்று எந்தப் பக்கம் போனாலும் வேறுபாடு நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. வானில் நூறு கிலோமீட்டர் என்பது ஏழெட்டு நிமிடப் பறப்பு. கிழக்கே ஹாங்காங் சுற்றிப் போனால் மட்டுமே தூரம் 16,260 கி.மீ.க்கு எகிறுகிறது.

இலங்கையிலிருந்து கிளம்புவோருக்குக் கொழும்பு கட்டுநாயக்காவிலிருந்து டொரண்டோ வரையிலான பெருவட்டத் தூரம் 13,990 கி.மீ. அவர்களுக்கும் இந்தக் கணக்கின் போக்கு மாறாது.

எனவே "சுற்றி வளைத்துக் கூட்டிப் போகிறானே" என்று துபாய் வழியையோ லண்டன் வழியையோ ஒதுக்க வேண்டியதில்லை. இந்தப் பயணத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஏழெட்டு மணி நேரம் வேறுபடுவது தூரத்தால் அல்ல, இடையில் காத்திருக்கும் நேரத்தால்.

மூன்றாம் படி: தூரத்தை மணியாக மாற்றுதல்

பெரிய பயணிகள் விமானம் உயரே சென்ற பிறகு மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. ஆனால் கதவடைத்த நேரத்திலிருந்து கதவு திறக்கும் நேரம் வரைதான் அட்டவணையில் பயண நேரமாகப் போடுகிறார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது, இறங்கிய பின் நிறுத்துமிடம் வரை மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடங்கும். நான் பயன்படுத்தும் வாய்க்கணக்கு இது: கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து, அதனுடன் 40 நிமிடம் கூட்டுங்கள். மேற்கு நோக்கிய நீண்ட பயணமானால் இன்னும் அரை மணி கூட்டுங்கள். கிழக்கு நோக்கியதானால் அந்த 40 நிமிடத்துக்குப் பதிலாகக் கால் மணி மட்டும் கூட்டினால் போதும்.

துபாய் வழியைப் போட்டுப் பார்ப்போம். சென்னை–துபாய் 2,930 கி.மீ.; குறும்பயணம் என்பதால் அரை மணி சேர்க்க வேண்டாம்; ஏறத்தாழ 4 மணி 10 நிமிடம் வரும். துபாய்–டொரண்டோ 11,080 கி.மீ.; 13 மணி நேரத்துடன் 1 மணி 10 நிமிடம் சேர்ந்து 14 மணி 10 நிமிடம். ஆக, ஆகாயத்தில் 18 மணி 20 நிமிடம். லண்டன் வழியில் 10 மணி 50 நிமிடமும் 7 மணி 55 நிமிடமும் சேர்ந்து 18 மணி 45 நிமிடம். பிராங்க்பர்ட் வழியிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நிறுவனங்களின் அட்டவணையோடு ஒப்பிட்டால் கால் மணி, அரை மணி முன்பின் இருக்கும். திட்டமிடுவதற்கு இது போதும்.

போகும்போது ஒரு நேரமும் வரும்போது ஒரு நேரமும் ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போலக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் அதற்குச் சாதாரணம்; குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். கனடாவுக்குப் போகும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது நீரோட்டத்தோடு நீச்சல். டொரண்டோவிலிருந்து துபாய்க்குத் திரும்ப 13 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆவது இதனால்தான். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசிய இரவில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 5 மணி நேரம் கூட ஆகாமல் லண்டனில் இறங்கியது. வழக்கமாக அந்தப் பயணத்துக்கு ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். இக்காற்றின் போக்கைப் பார்த்துத்தான் வட அட்லாண்டிக்கின் மேல் விமானங்கள் செல்ல வேண்டிய தடங்களை நாள்தோறும் புதிதாக வகுக்கிறார்கள். ஆகவே நேற்று போனவர் சொன்ன பாதையும் நேரமும் இன்று உங்களுக்கு அப்படியே அமையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காற்று போலவே அரசியலும் நேரத்தை மாற்றுகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய சில நாள்களில் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வான்வெளியை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு அந்நாட்டு விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. நம் நூல் சென்ற வழியை நினைத்துப் பாருங்கள்: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ரஷ்யா. டெல்லியிலிருந்து டொரண்டோவுக்குத் தாளில் 15 மணி நேரம் என்று கணக்கு வந்தாலும், எந்த நாட்டு நிறுவனம் எந்த வான்வெளியைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஒன்றிரண்டு மணி நேரம் கூடக்கூடும். எரிபொருளுக்காக நடுவில் ஓரிடத்தில் இறங்க வேண்டிய நிலையும் வரலாம். டெல்லி வழியைத் தேர்ந்தெடுப்போர், ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமான எண்ணைத் தட்டி, கடந்த ஒரு வாரத்தில் அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. அட்டவணையைவிட அந்த ஏழு வரிகளை நம்பலாம்.

நான்காம் படி: கடிகாரக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் போட்டிருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சென்னையில் கிளம்பும் நேரம் இந்திய நேரம். டொரண்டோவில் இறங்கும் நேரம் டொரண்டோ நேரம். இரண்டையும் நேரடியாகக் கழித்தால் தவறான விடை வரும்.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. டொரண்டோ குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். எனவே நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி. கோடைக்கால நேரம் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று தொடங்கி நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று முடிகிறது. இந்தியாவும் துபாயும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஐரோப்பா தொடுகிறது, ஆனால் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். ஆகையால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் உள்ள வேறுபாடு வழக்கமான 5 மணியிலிருந்து 4 மணியாகக் குறைந்துவிடும். அந்த நாள்களில் லண்டன் வழியாகப் போகிறவர்கள் பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

எளிய முறை, இரண்டு நேரத்தையும் பொது நேரத்துக்கு மாற்றிக் கழிப்பது. ஜனவரி 15 அதிகாலை 3:30க்குச் சென்னையில் விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை மணியைக் கழித்தால், பொது நேரப்படி அது ஜனவரி 14 இரவு 10 மணி. டொரண்டோவில் அதே ஜனவரி 15 மாலை 4 மணிக்கு இறங்குகிறது. குளிர்காலம் என்பதால் 5 மணி கூட்டினால், பொது நேரப்படி ஜனவரி 15 இரவு 9 மணி. முதல் நாள் இரவு 10இலிருந்து மறுநாள் இரவு 9 வரை 23 மணி நேரம். டிக்கெட்டைப் பார்த்து "காலையில் கிளம்பி சாயங்காலம் போய்விடலாம், பன்னிரண்டரை மணி நேரம்தான்" என்று ஒருவர் சொன்னால், பத்தரை மணி நேரத்தை அவர் கண்ணுக்குத் தெரியாமல் விழுங்கிவிட்டார் என்று பொருள். இதே இரண்டு நேரங்கள் ஜூலையில் இருந்தால் பயணம் 22 மணி நேரம்தான்.

இது துபாய் வழிப் பயணமானால், இந்த 23 மணி நேரத்தில் 18 மணி 20 நிமிடம் பறப்பது என்று முன்பே கண்டோம். மீதி 4 மணி 40 நிமிடம் துபாயில் காத்திருப்பு. இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் இரண்டு டிக்கெட்டுகளில் எது மேல் என்று ஒப்பிட முடியும்.

அதிகாலை விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரி 15 அதிகாலை 3:30 என்றால், நீங்கள் ஜனவரி 14 இரவு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். என் சித்தப்பா ஒருவர், பெட்டிகளுக்கெல்லாம் கயிறு கட்டி, பூசாரியிடம் விபூதி வாங்கிக்கொண்டு, உரிய இரவுக்கு மறுநாள் இரவு, சொந்தபந்தம் பன்னிரண்டு பேர் புடைசூழ மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தார். வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர், "ஐயா, இது இன்னைக்கு விடியக்காலையே போயிருச்சே" என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் டிக்கெட் எடுத்தாலும், நாட்காட்டியில் விமானத் தேதியை வட்டமிடுவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் தேதியைத்தான் வட்டமிடுகிறோம்.

ஐந்தாம் படி: இடைத்தங்கலைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பயணத்துக்கு இரண்டரை மணி முதல் நான்கு மணி வரையிலான இடைவேளை நல்லது என்பது என் கருத்து. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தால், முதல் விமானம் முக்கால் மணி தாமதமானாலும் ஓட வேண்டியிருக்கும். ஹீத்ரோவில் விமானம் மாறும் எல்லோரும் மறுபடி பாதுகாப்புச் சோதனைக்குள் போக வேண்டும். ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்குப் பேருந்தில் செல்ல வேண்டியும் வரலாம். ஏழெட்டு மணி நேரத்துக்கு மேலான காத்திருப்பு, சில ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தினாலும், வயதான பெற்றோருடன் செல்வோருக்குக் கட்டாயம் வேண்டாம்.

முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில், அதாவது ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. லக்கேஜும் பொதுவாக டொரண்டோ வரை தானாகவே வந்துவிடும். டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தால் இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று அறியா. ஒருமுறை மலிவாகக் கிடைத்ததே என்று நான் அப்படி எடுத்து, முதல் விமானம் இரண்டு மணி நேரம் பிந்தியதில் அடுத்ததைத் தவறவிட்டு, மிச்சம் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு கொடுத்துப் புது டிக்கெட் வாங்கினேன்.

"டைரக்ட்" என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். எங்கும் நிற்காத விமானத்துக்கு "நான்-ஸ்டாப்" என்று பெயர். டைரக்ட் என்பது விமான எண் மாறாது என்பதை மட்டுமே குறிக்கும். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம்.

எந்த நாட்டில் மாறுகிறீர்களோ அந்த நாட்டின் டிரான்சிட் விசா விதியை, உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதோ அதற்கேற்ப, அந்நாட்டு அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விதிகள் ஒன்றாக இருப்பதில்லை. குறிப்பாக அமெரிக்க நகரம் ஒன்றில் மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே மாறிச் செல்லும் வசதி இல்லை. குடியேற்றச் சோதனையை முடித்துத்தான் அடுத்த விமானம் ஏற முடியும். அதற்கு அமெரிக்க விசா வேண்டும்.

கனடாவுக்குள்ளேயே மாண்ட்ரியலிலோ வான்கூவரிலோ மாறுவதாக இருந்தால், குடியேற்றச் சோதனை அந்த முதல் ஊரிலேயே நடக்கும். மாணவர்களுக்கு படிப்பு அனுமதிச் சீட்டு அங்கேதான் அச்சிட்டுத் தரப்படும். ஆகஸ்ட் கடைசியில் அந்த வரிசை நீளமாக இருக்கும் என்பதால், மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவேளையுள்ள டிக்கெட்டை மாணவர்கள் எடுக்காமலிருப்பது நல்லது.

ஆறாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

என் தங்கை மகனுடைய பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்திலிருந்து சென்னை சுமார் 300 கி.மீ.; ரயிலானாலும் காரானாலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலில் வருவோர் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். பெட்டிகள் பெரிதாக இருந்தால் தாம்பரத்திலிருந்து டாக்சி எடுத்துவிடலாம். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும்; செக்-இன் கவுண்டர்கள் பெரும்பாலும் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடப்பட்டுவிடும்.

அவன் ஜனவரி 14 பொங்கலன்று மதியம் 2 மணிக்கு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு வீட்டை விட்டுக் கிளம்பினான். இரவு 10 மணிக்கு விமான நிலையம். அதிகாலை 3:30க்கு விமானம். துபாயில் உள்ளூர் நேரம் காலை 6:10க்கு இறங்கி 10:50க்கு அடுத்ததில் ஏறினான். டொரண்டோவில் மாலை 4 மணி. குடியேற்றம், அனுமதிச் சீட்டு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர மாலை 6 ஆகிவிட்டது. பியர்சனிலிருந்து நகர மையத்தில் உள்ள யூனியன் நிலையத்துக்கு யு.பி. எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடம். ஸ்கார்பரோ போக வேண்டியவர்களுக்குக் காரில் முக்கால் மணி, போக்குவரத்து நெரிசலானால் அதற்கும் மேல். அவன் அறைக்கதவைத் திறந்தபோது மணி 7. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் 29 மணி நேரம். பத்தரை மணி வேறுபாட்டையும் கூட்டினால் 39 மணி 30 நிமிடம். இதில் விமானம் பறந்தது பாதிக்கும் குறைவு.

இதைத் தெரிந்துகொண்டு திட்டமிடுங்கள். இறங்கிய மறுநாள் காலையில் கல்லூரியில் சேர்க்கைப் பதிவு, அல்லது வேலையில் முதல் நாள் என்று வைத்துக்கொள்வது உடம்பைத் தண்டிப்பதாகும். டொரண்டோவில் இரவு 7 மணி என்றால் உடம்புக்கு அது இந்தியாவின் காலை ஐந்தரை. இரண்டு மூன்று நாள்கள் விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்து பசிக்கும். கைப்பையில் முறுக்கோ பிஸ்கட்டோ இருப்பது உதவும். பகல் வெளிச்சத்தில் நடப்பதும், மாலை 8 மணிக்கு முன்பு படுக்காமலிருப்பதும் எனக்குப் பலன் தந்திருக்கின்றன.

திரும்பும் பயணம்

திரும்பும்போது அதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். டொரண்டோவில் ஜனவரி 20 இரவு 9 மணிக்குக் கிளம்பினால், பொது நேரம் ஜனவரி 21 அதிகாலை 2 மணி. சென்னையில் ஜனவரி 22 அதிகாலை 2:30க்கு இறங்கினால், பொது நேரம் ஜனவரி 21 இரவு 9 மணி. ஆகப் பயணம் 19 மணி நேரம். போகும்போது ஆனதைவிட 4 மணி நேரம் குறைந்திருக்கிறது. அதில் ஒன்றரை மணியளவு பின்காற்றின் உதவி, மீதி இடைத்தங்கல் குறைந்ததால் வந்தது. ஆனால் நாட்காட்டியில் இரண்டு நாள்கள் கழிந்திருக்கும். 20ஆம் தேதி கிளம்புகிறேன் என்று தொலைபேசியில் சொன்னால், வீட்டில் 21ஆம் தேதி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். "22ஆம் தேதி விடியற்காலை இரண்டரை மணி, கார் 21ஆம் தேதி மதியமே கும்பகோணத்தை விட்டுக் கிளம்ப வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள், ஓட்டுநருக்கும் சேர்த்து.